எங்கே விழுகிறது என்று கேள்!

அட்டைப் பெட்டியை விரித்து நிரப்பி மூடும் கார்ட்டனிங் மெஷின் ஓட்டத்தின் நடுவே நின்றால், அதன் முன் நிற்கும் ஆபரேட்டரின் காதில் விழும் முதல் கேள்வி எது தெரியுமா? "என்ன பண்ணினே?" என்பதுதான். பெட்டி தரையில் கிடக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. சூப்பர்வைசர் ஓடி வருகிறார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் நீ சொல்கிறாய்: "தெரியல சார், சக்‌ஷன் எடுக்கல."

தம்பி, அந்தத் "தெரியல"வை இன்றோடு விட்டுவிடு. தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாத்திரைப் பெட்டியும் சோப்புப் பெட்டியும் ஓடும் எத்தனையோ பேக்கிங் ஹால்கள் உன் கைகளால்தான் நடக்கின்றன. ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் அந்த மெஷினின் ஓசையைக் கேட்பது யார்? உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப், அட்டையைக் கவ்வும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் முதலில் திரும்பிப் பார்ப்பது யார்? ஏசி அறையில் இருக்கும் இன்ஜினியருக்குப் பிரேக்டவுன் ஆன பிறகு தெரிவது, உனக்கு அரைமணி முன்பே தெரிந்துவிடுகிறது. உனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் துணிவில்லை. அந்தத் துணிவை உனக்குக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் எழுந்து "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்வதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால், விழுந்த பெட்டி அதனால் எழுந்திருக்காது. அளந்து பார்த்தவனுக்கு வரும் துணிவு வேறு. யார் அதட்டினாலும் அது கலையாது.

வா, பயத்தை முதலில் கணக்கால் உடைப்போம். உன் மெஷினில் இருக்கும் சக்‌ஷன் கப்பின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்று வை. பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். வேக்குவம் கேஜ் மைனஸ் 0.6 பார் காட்டுகிறது. அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 600 கிராம் அழுத்துகிறது. பெருக்கிப் பார். நாலு கிலோவுக்கு மேல்! ஒரே ஒரு கப்புக்கு! கப்பின் உதடு வளையும், அட்டை சொரசொரப்பாக இருக்கும் என்று பாதியைக் கழித்துவிடு. அப்போதும் இரண்டு கிலோ மிச்சம். அது தூக்க வேண்டிய பற்பசைப் பெட்டி வெற்று அட்டையாக 20 கிராமைத் தாண்டாது. 20 கிராமைத் தூக்க இரண்டு கிலோ பலம் இருந்தும் பெட்டி விழுகிறது என்றால், ஒரு காரணம் எங்கோ ஒளிந்திருக்கிறது. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம். "இந்த மெஷின் ராசியே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரும்புக்கும் ரப்பருக்கும் ராசி கிடையாது.

அந்த நாலு கிலோ எங்கிருந்து வருகிறது? கப் இழுக்கிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் கப் எதையும் இழுப்பதில்லை. கப்புக்குள் இருக்கும் காற்றைப் பம்போ, அழுத்தக் காற்றால் இயங்கும் வென்சுரியோ வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்று அட்டையைக் கப்பின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஊட்டி உயரத்தில் அதில் முக்கால் பங்குதான் மிச்சம். அதனால் சென்னையில் சரியாக ஓடிய அதே செட்டிங், மலைமேல் தடுமாறினால் அது ஆபரேட்டரின் தவறாகாது. பிடிப்பது வெளிக்காற்று என்பது மனதில் பதிந்துவிட்டால், உன் கேள்வியே மாறிவிடும். "ஏன் இழுக்கவில்லை?" என்று கேட்க மாட்டாய். "காற்று எந்த வழியாக உள்ளே நுழைகிறது? அல்லது எந்த இடத்தில் வெளியேற முடியாமல் நிற்கிறது?" என்று கேட்பாய். வேக்குவம் தொடர்பான பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். ஒன்று கசிவு, மற்றொன்று அடைப்பு.

பிடிப்பது வெளிக்காற்றுதான் என்ற உண்மை உலகத்துக்குத் தெரிந்த கதையில் உன்னைப் போன்ற ஒருவர் இருக்கிறார். கலிலியோ 1638-ல் வெளியிட்ட கடைசிப் பெரிய நூல், மூன்று பேர் உரையாடுவது போல் எழுதப்பட்டது. அதில் சாக்ரெடோ என்பவர் ஒரு பம்பைப் பற்றிச் சொல்கிறார். நீர்மட்டம் இறங்கியதும் பம்பு தண்ணீர் எடுக்கவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைத்துச் சரிசெய்ய ஆளைக் கூப்பிடுகிறார். வந்த தொழிலாளி பார்த்துவிட்டு, பம்பில் குறையே இல்லை, பதினெட்டு இத்தாலிய முழத்துக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் எந்தப் பம்பாலும் உறிஞ்சி ஏற்ற முடியாது என்கிறார். நம் கணக்கில் அது சுமார் 10 மீட்டர். அந்தத் தொழிலாளிக்கு நூலில் பெயர்கூட இல்லை. ஆனால், அவர் சொன்ன எல்லை சரி! கலிலியோ கொடுத்த விளக்கம்தான் தவறிப்போனது. நீர்த்தூண் தன் எடை தாங்காமல் கயிறுபோல் அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவருக்குப் பின் 1643-ல் டாரிசெல்லி என்ற இத்தாலிய அறிஞர், பாதரசக் குழாயைக் கவிழ்த்து வைத்தபோது பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதைக் கண்டு, அதைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடை என்று விளக்கினார்.

எண்ணிப் பார், தம்பி! ஐரோப்பாவின் மாபெரும் மேதை காரணத்தைத் தேடித் தடுமாறிய இடத்தில், கையில் எண்ணெய்க்கறையோடு வந்த ஒருவர் எல்லையைத் துல்லியமாகச் சொன்னார். பட்டம் பெற்றதனால் சொல்லவில்லை. பல பம்புகளைப் பார்த்ததனால் சொன்னார். நம் கோவைப் பக்கத்து விவசாயிக்கும் இது தெரியும். கிணற்றில் நீர்மட்டம் கீழே போனால் அவர் பம்பைத் திட்டுவதில்லை. கிணற்றுக்குள் மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்குகிறார். கண்ணால் பார்த்துச் சேர்த்த அறிவுக்கு மதிப்பில்லை என்று உனக்கு யார் சொன்னது? சொன்னவன் எவனாக இருந்தாலும் அவன் சொன்னது பொய்.

இப்போது மெஷின் அருகே வா. பெட்டி விழுந்ததும் உன் கை ஸ்பேனரைத் தேடக் கூடாது. உன் கண் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எங்கே விழுகிறது? அட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் மேகசினிலிருந்து கப் அட்டையை எடுக்கவே இல்லையா? எடுத்து, பாதி வழியில் நழுவவிடுகிறதா? கொண்டுபோய் வைக்கும் இடத்தில் விட மறுக்கிறதா? அல்லது சரியாக எடுத்தும் பெட்டி வாய் திறக்காமல் தட்டையாகவே செயினில் உட்காருகிறதா? நான்கும் நான்கு நோய்கள். நான்குக்கும் ஒரே மருந்தாக "பிரஷரை ஏத்து" என்று கத்துகிறவர்களால்தான் எத்தனையோ ஷிப்டுகள் வீணாகின்றன.

எடுக்கவே இல்லையென்றால் கேஜைக் கேள். மெஷினை நிறுத்தி, பாதுகாப்புக் கார்டு கதவு திறந்திருந்தாலும் ஆர்ம் அசையாத நிலையில், வேக்குவத்தை மட்டும் இயக்கும் மேனுவல் மோடு இருந்தால் அதில் போடு. வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் கப்புகளின் மேல் அழுத்தி வை. கேஜ் நன்றாக ஏறுகிறதா? அப்படியானால் பம்பும் குழாயும் குற்றமற்றவை. சிக்கல் கப்பின் உதட்டிலோ அட்டையிலோ இருக்கிறது. தகடு வைத்தும் முள் ஏறவில்லையா? அட்டைமேல் பழி போடாதே. பின்னால் போ, குழாயையும் ஃபில்டரையும் பம்பையும் பார். இந்த ஒரு சோதனை, பாதி மெஷினைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். அடுத்து, ஒவ்வொரு கிளைக் குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துப் பார். எதை அடைத்தபோது முள் துள்ளி ஏறுகிறதோ அந்தக் கிளையில்தான் ஓட்டை. ஒரே மேனிஃபோல்டில் நாலு கப் மாட்டியிருந்தால், ஒரு கப் கிழிந்ததும் மற்ற மூன்றும் சேர்ந்து பலம் இழக்கும் என்பதை மறக்காதே. மூன்று நல்ல கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிழிந்ததை விட்டுவைத்தவர்களும் உண்டு.

உன் மெஷினில் கேஜே இல்லையா? கேள்! உரத்துக் கேள்! சில நூறு ரூபாய்ப் பொருள் அது. அளவுகோல் இல்லாமல் ஒருவனை மெஷின் முன் நிறுத்திவிட்டு அவனிடம் விளக்கம் கேட்பது அநியாயம். கேஜ் கேட்பது உன் தொழிலின் உரிமை.

கப்பைக் கழற்றினால் மேலோட்டமாகப் பார்க்காதே. பெல்லோஸ் கப்பின் மடிப்புக்குள் இருக்கும் விரிசல், சும்மா பார்த்தால் தெரியாது. விரலால் இழுத்து விரித்துப் பார்த்தால்தான் வாய் பிளக்கும். நைட்ரைல் ரப்பர் நாளாக ஆக இறுகிப்போகும். புதுக் கப்பையும் பழைய கப்பையும் இரு விரல்களால் அமுக்கிப் பார், உன் விரலே சொல்லும். ஒன்றை மட்டும் வேறு உயரத்தில், வேறு மென்மையில் மாற்றினால், அட்டையை அது முந்தித் தொடும் அல்லது தொடவே தொடாது. ஃபில்டர் கிண்ணத்தைத் திற. அட்டையின் வெட்டு விளிம்பிலிருந்து உதிரும் தூசிதான் இந்தத் தொழிலின் நிரந்தர எதிரி. மறுசுழற்சிக் கூழால் செய்த டூப்ளக்ஸ் போர்டு ஓடும் லைனில் அது இன்னும் வேகமாகச் சேரும். வென்சுரி வைத்த மெஷினாக இருந்தால் சைலன்சரைக் கழற்றிப் பார். வெளியேறும் வழி தூசியால் அடைத்தால் வேக்குவம் சாகும். காற்றழுத்தத்தை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார். நிற்கும்போது 6 பார் காட்டும் கேஜ், பக்கத்து லைன் ஓடத் தொடங்கியதும் 4-க்கு இறங்கலாம். ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்காக வடிவமைத்ததுதான் வென்சுரி. அதற்கு மேல் ஏற்றினால் காற்றுதான் வீணாகும், வேக்குவம் கூடாது. எண்ணெய் இல்லாமல் ஓடும் ரோட்டரி வேன் பம்பாக இருந்தால் அதன் கார்பன் வேன்கள் தேய்ந்திருக்கலாம். அளந்து பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே போயிருந்தால் மாற்றச் சொல்.

எல்லாம் சரியாக இருந்தும், மெதுவாக ஓட்டும்போது எடுக்கிறது, வேகம் கூட்டினால் விடுகிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையை விரித்துவிடுகிறார்கள். நீ விரிக்காதே. நிமிடத்துக்கு 100 பெட்டி என்றால் ஒரு பெட்டிக்கு 600 மில்லிசெகண்டு. மெஷினின் ஒரு சுற்றான 360 டிகிரியில், கப் அட்டையைத் தொட்டுப் பிடிக்க 60 டிகிரி கிடைக்கிறது என்று வைத்தால், கையில் இருப்பது 100 மில்லிசெகண்டு. கண் சிமிட்டுவதற்குள் வால்வு திறந்து, குழாய் முழுவதும் இருக்கும் காற்று வெளியேறி, கப் கவ்விக்கொள்ள வேண்டும்! யாரோ அவசரத்தில் பழைய குழாயை மாற்றி, இரண்டு மீட்டர் நீளமான குழாயைச் சுருட்டிக் கட்டியிருந்தால் வெளியேற்ற வேண்டிய காற்றின் அளவு கூடிவிட்டது. மெல்லிய குழாயாக மாற்றியிருந்தால் காற்று ஓடும் வழி குறுகிவிட்டது. சோலனாய்டு வால்வு ஒட்டிக்கொண்டு தாமதமாகத் திறந்தாலும் இதே கதிதான். கேஜ் முள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்காதே. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பார். தேவையானால் வேக்குவம் திறக்கும் டிகிரியைச் சற்று முன்னே நகர்த்தச் சொல். டிகிரி, மில்லிசெகண்டு என்று நீ பேசத் தொடங்கிய அன்றே, உன்னை அதட்டிய குரல் தணிந்து உன்னோடு பேசத் தொடங்கும்.

அட்டையின் பக்கம் வருவோம். இங்கேதான் ஆபரேட்டருக்கு நடக்கும் அநீதி அதிகம். மெஷின் நல்ல நிலையில் இருந்தும் கெட்ட பெயர் உனக்கு வருவது அட்டையால்தான். வறண்ட சிவகாசியில் அச்சாகி, வெட்டி, ஒட்டி, கட்டுக்கட்டாக வரும் பெட்டிகள், சென்னைக் கடற்காற்றில் பிரித்துப் போட்டதும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய அட்டை வளையும். வளைந்த அட்டையில் கப்பின் உதடு முழுவதும் படியாது. ஒரு ஓரத்தில் காற்று புகுந்துவிடும். உறை பிரிக்காமல் ஹாலுக்குள் ஒரு நாள் வைத்துப் பழக்கிவிட்டுப் பிரிக்கச் சொல். பல மாதம் கோடவுனில் நசுங்கிக் கிடந்த பெட்டியின் மடிப்புக் கோடுகள் தட்டையாகவே இறுகியிருக்கும். கப் எடுத்துவிடும், வாய் திறக்காது. அத்தகைய லாட்டில் ஒரு கைப்பிடி எடுத்து உன் விரல்களால் மடிப்பைத் திறந்து பார். பழைய லாட்டையும் அப்படியே திறந்து பார். வித்தியாசம் உன் விரலுக்கு உடனே தெரியும். மேகசினில் அட்டையைத் திணித்து நிரப்பாதே. பின்னாலிருந்து தள்ளும் எடை அதிகமானால் முன்னே இருக்கும் அட்டையைப் பிடித்திருக்கும் நகங்கள் விடாது. எடை குறைந்தால் கப் தொடும்போது அட்டை பின்வாங்கும். கப் தொடும் இடத்தில் எம்பாஸ் எழுத்தோ, ஜன்னல் வெட்டோ, மடிப்புக் கோடோ இருந்தால் எந்தப் பம்பாலும் அங்கே பிடிக்க முடியாது. நெளியட்டைப் பெட்டி என்றால், மேல் தாள் வழியாகவே காற்று ஊடுருவும். அங்கே கேஜ் காட்டும் ஆழத்தைவிட, பம்பு வெளியேற்றும் காற்றின் அளவுதான் முக்கியம். இவையெல்லாம் உன் குற்றங்கள் அல்ல. ஆனால், இவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஆற்றல் உனக்கு மட்டுமே இருக்கிறது. அச்சகத்துக்கும் வாங்கும் துறைக்கும் அந்த அட்டை எப்படி நடந்துகொள்கிறது என்று நீ சொல்லாமல் தெரியாது.

ஒரு கட்டளை போலவே சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கப்பை மாற்றி, கோணத்தைத் திருப்பி, பிரஷரை ஏற்றி, மேகசினைத் தளர்த்தி எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் செய்தால் மெஷின் ஓடலாம். எது குணப்படுத்தியது என்று தெரியாது. நாளை மறுபடி நிற்கும்போது நீ மறுபடி முதல் படியில் நிற்பாய். மாற்றும் முன் பழைய நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள். பலன் இல்லையென்றால் அதே கோட்டுக்குத் திரும்பு.

இன்னொன்று. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஓடும் மெஷினுக்குள் கை விடுவது வீரம் கிடையாது. கார்டு கதவின் இன்டர்லாக் சுவிட்சில் டேப் ஒட்டிவிட்டு, "சும்மா ஒரு நொடிதான்" என்று விழுந்த அட்டையை எடுக்கப் போய் விரல் இழந்தவர்களின் குடும்பங்களைக் கேள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு. காற்றை அடைத்து, குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தையும் வெளியேற்று. பிறகு கை வை. "டார்கெட் போயிடும், அப்படியே எடு" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடு. அந்த மறுப்பைச் சொல்லும் நெஞ்சுரத்தைத்தான் நான் தன்னம்பிக்கை என்கிறேன்.

நிறுத்துவது கேவலம் என்று நினைக்கிறாயா? ஜப்பானில் தச்சர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்த சாக்கிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தார். குறையோடு ஓடுவதைவிட நிற்பது மேல் என்ற அந்த எண்ணத்தின் மேல்தான் பிற்காலத்தில் டொயோட்டா கார் ஆலைகள் எழுந்தன. கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற முறை அங்கே வந்தது. அந்த ஆலைகளை வழிநடத்திய தாயிச்சி ஓனோ 1978-ல் எழுதிய நூலில் நின்றுபோன ஒரு மெஷினை உதாரணம் காட்டுகிறார். ஃபியூஸ் போயிற்று. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய்ப் பம்பு சரியாக ஏற்றவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி வைக்காததால் இரும்புத் துகள் உள்ளே போயிற்று. ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருந்தால் அடுத்த மாதமும் அதே மெஷின் நின்றிருக்கும். உன் ஃபில்டர் கிண்ணத்துக்கும் இந்தக் கதைக்கும் எவ்வளவு நெருக்கம், பார்! கப் பிடிக்கவில்லை, ஏன்? வேக்குவம் குறைவு, ஏன்? ஃபில்டர் அடைப்பு, ஏன்? யாரும் சுத்தம் செய்யவில்லை, ஏன்? யார், எப்போது செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கடைசிக் கேள்விக்கு விடையை எழுதி ஒட்டும் கை உன் கையாக இருக்கட்டும்.

எழுது என்றதும் ஆங்கிலம் வராதே என்று தயங்காதே. மேனுவல் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இருக்கலாம். கேஜ் முள் எண்களைத்தான் காட்டுகிறது. லாக் புக்கில் தமிழில் எழுது. "இரவு 11.40. இரண்டாவது கப், பாதி வழியில் நழுவியது. தகடு வைத்தபோது மைனஸ் 0.7, அட்டையில் மைனஸ் 0.3. கப் உதட்டில் விரிசல். மாற்றியபின் அட்டையில் மைனஸ் 0.6. மேகசினில் புது லாட்." இந்தச் சில வரிகளை எதிர்த்து வாதாட எந்த மேனேஜராலும் முடியாது. மாதக் கணக்கில் இப்படிச் சேர்ந்த பக்கங்களைப் புரட்டினால் கப் எத்தனை நாள் உழைக்கிறது, எந்த லாட் அட்டை தொல்லை தருகிறது, எந்த ஷிப்டில் காற்றழுத்தம் விழுகிறது என்று மெஷினின் முழு வரலாறும் உன் கையெழுத்தில் இருக்கும். பதவி உயர்வுக்கான நேர்காணலில் சான்றிதழோடு சேர்த்து அந்த நோட்டையும் மேசைமேல் வை.

ஷிப்ட் மாறும்போது அடுத்து வரும் பெண்ணிடமோ பையனிடமோ அந்தப் பக்கத்தை விரல் வைத்துக் காட்டு. புதிதாகச் சேர்ந்தவர் என்றால், தகடு வைத்துக் கேஜ் பார்ப்பதை அவரையே ஒரு தடவை செய்யச் சொல். ஸ்பேர் டப்பாவில் எத்தனை கப் மிச்சம் என்று எண்ணிச் சொல்லிவிட்டு, குறைந்திருந்தால் ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு வீட்டுக்குப் போ.